மணல் வளவுக்கு எந்தப் பூஞ்செடி: காயாவா, ஆவரசா, வெட்சியா, பாவட்டையா?

யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் போன மாதம் கேட்டார்: "தம்பி, வளவு முழுக்க மணல். சித்திரை வந்தால் கிணத்துத் தண்ணி சவர். கடதாசிப்பூவும் அடினியமும் எல்லா வீட்டு வாசலிலையும் நிக்குது. எங்கட மண்ணுக்குரிய பூச்செடி ஒண்டு வைக்க ஆசை. எதை வைக்கலாம்?"

அடுத்த கிழமை இன்னொருவர். ரொறன்ரோவில் இருக்கிறார், கொடிகாமத்தில் பூட்டிக் கிடக்கும் தன் வீட்டு முற்றத்துக்காகக் கேட்டார். அங்கே கிழமைக்கு ஒருமுறை ஒருவர் வந்து கூட்டிவிட்டுப் போகிறார், அவ்வளவுதான். மூன்றாவது, புதிதாக வீடு கட்டிக் குடிபுகுந்த ஓர் இளம் குடும்பம். "சாமிக்குப் பறிக்கப் பூ வேணும், கெதியாப் பூக்கவும் வேணும்" என்றார்கள்.

மூவர் மனதிலும் இருந்தவை ஏறக்குறைய ஒரே செடிகள்தான்: காயா, ஆவரசு, வெட்சி, பாவட்டை. நான்கும் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் இயல்பாகவே உரியவை. நான்கையும் நான் மணலில் வைத்துப் பார்த்திருக்கிறேன், சிலவற்றைப் பறிகொடுத்தும் இருக்கிறேன். கடதாசிப்பூவிலும் அடினியத்திலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. முன்னது தென் அமெரிக்காவிலிருந்தும் பின்னது ஆபிரிக்கா, அரேபியப் பக்கத்திலிருந்தும் வந்தவை; மணலில் நன்றாகவே நிற்கும். இங்கே கேட்கப்பட்டது வேறு என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

பூவின் படத்தைப் பார்த்துத்தான் பலரும் செடியைத் தேர்கிறார்கள். மணல் வளவில் கிணற்றைப் பார்த்துத் தேர வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, கடல்நீருக்கு மேலே மிதக்கும் நன்னீராகத் தேங்குகிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அதனால் மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உப்புநீர் பல அடி ஏறிவிடும். மாரியில் தேனாக இருக்கும் கிணறு பங்குனிக்குப் பிறகு சவர்க்கத் தொடங்குவது இதனால்தான். ஆகவே முதல் கேள்வி: சித்திரையில் உங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது? தை மாதத்துத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

இரண்டாவது சுண்ணாம்பு. கேத்தலுக்குள் வெள்ளைப் படிவு பிடிக்கிறதா? பூச்சாடியின் வெளிப்புறத்தில் வெள்ளை பூக்கிறதா? அப்படியானால் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. மண்ணுக்கும் ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு கைப்பிடி உலர்ந்த மணலை எடுத்து அதன்மேல் தேசிக்காயைப் பிழிந்து விடுங்கள். நுரைத்தால், சிப்பியும் சங்கும் உடைந்து கலந்த மணல். கரையோர வளவுகளில் இது சாதாரணம். இந்த ஒரு சோதனையே நான்கு செடிகளில் இரண்டை உடனே தள்ளிவிடும்.

மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை: முதல் இரண்டு கோடையும் அந்த வீட்டில் யார் இருக்கப் போகிறார்கள்? மணலில் ஒரு செடி பிழைப்பதும் சாவதும் அந்த இரண்டு கோடையில்தான். வேர் ஆழம் போன பிறகு காட்டுச்செடி தன்பாட்டில் நிற்கும். அதுவரை அது ஒரு கைக்குழந்தை.

அப்புறம் மற்றவை: கட்டாக்காலி மாடும் ஆடும் வருமா, பூ பூசைக்கா பார்க்கவா, கன்று எங்கே கிடைக்கும், பூக்காத மாதங்களில் செடி எப்படித் தெரியும்.

## காயா

நான்கில் வளவுகளில் காணவே கிடைக்காதது இதுதான். வன்னிப் பக்கத்துக் காடுகளில் நிற்கும். குறிக்காயா, பாண்டிக்காயா என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் காசா என்பார்கள். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். வல்லிபுர ஆழ்வார் கோயில் மணலில் நின்று அந்தப் பெயர் காதில் விழுந்த ஒரு நாளில்தான், அந்தப் பூவை நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை என்று உறைத்தது. அப்படித்தான் எனக்கு இந்தச் செடி மேல் பிடிப்பு வந்தது.

பூ எப்படி வரும் என்று சொல்கிறேன். மற்றச் செடிகள் போலக் கிளை நுனியில் இது பூப்பதில்லை. இலை உதிர்ந்து வெறுமையான பழைய கொப்பின் கணுக்களில், பட்டையை ஒட்டினாற்போல, கடுகு அளவில் மொட்டுகள் திரளும். அவை ஊதா கலந்த நீலமாக மாறி, ஒருநாள் காலையில் விரியும். தனிப்பூ ஒரு பச்சைப்பயறைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு கணுவிலும் கொத்துக் கொத்தாக வருவதால் முழுக் கொப்பும் நீலம் சுற்றியது போலாகிவிடும். மேலே கரும்பச்சையாக, தோல் போலத் தடித்த இலை, கீழே நீலம். தேனீக்கள் விடியற்காலையிலேயே வந்துவிடும். பிறகு உருண்டையான காய்கள் பழுத்துக் கறுக்கும். பழம் கொஞ்சம் துவர்ப்பு, கொஞ்சம் இனிப்பு. சின்னப் பிள்ளைகளும் கொண்டைக்குருவிகளும் போட்டி போடும். இலையிலிருந்து மஞ்சள் சாயம் எடுத்துப் பாய்க்கும் துணிக்கும் போட்டிருக்கிறார்கள். மரம் இரும்பு மாதிரி.

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது காலம். காயா மிக மெதுவாக வளரும். நான் 2017 வைகாசியில் போட்ட விதை, நிலத்தில் நட்டு, முதல் பூவைக் காட்டியது 2022இல். இடையில் இரண்டு ஆண்டு அது முழங்கால் உயரத்தைத் தாண்டவேயில்லை. வந்து பார்த்தவர்கள் "செத்துப் போச்சோ?" என்று கேட்டார்கள். நான் நகத்தால் பட்டையைக் கீறி உள்ளே இருந்த பச்சையைக் காட்டினேன்.

இரண்டாவது, பூ ஒருசில நாள்தான் நிற்கும். அந்த நாட்களில் நீங்கள் கொழும்புக்குப் போயிருந்தால் திரும்பி வரும்போது மணலில் நீலப் பொடி உதிர்ந்து கிடப்பதைத்தான் பார்ப்பீர்கள். அந்தச் சில நாளுக்காக ஆண்டு முழுவதும் ஒரு செடியைப் பார்ப்பேன் என்பவருக்குத்தான் இது. ஆனால் ஒன்று: பூக்காத மாதங்களில் நான்கிலும் அழகாக நிற்பது காயாதான். கடுங்கோடையிலும் இலை பளபளப்புக் குறையாது.

மூன்றாவது, மண். காயாவின் குடும்பத்துச் செடிகளில் பெரும்பாலானவை அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்புபவை. சாதாரண மணல் அதற்குச் சரி. தேசிக்காய் விட்டால் நுரைக்கும் மணலில் நான் வைத்த ஒரு கன்று மூன்று ஆண்டு நின்ற இடத்திலேயே நின்று கருகிப் போனது.

நான்காவதுதான் பெரியது: கன்று கிடைப்பது. இந்த இனத்தில் இலங்கையில் பல வகைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை தென்மேற்கின் ஈரக் காட்டுக்கு உரியவை. பெயர் ஒன்றுபோல இருப்பதால் தெற்கிலிருந்து வரும் கன்றை நம்பி வாங்கினால், உலர்வலயத்து வெயிலை அது தாங்காமல் போகலாம். விற்பவரிடம் "தாய்மரம் எங்கே நிற்கிறது?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்க வேண்டாம்.

காட்டில் தோண்டி எடுத்து வரலாமே என்பார்கள். என் உறவினர் ஒருவர் அப்படித்தான் இடுப்பளவு செடி ஒன்றை வேரோடு கொண்டுவந்து தந்தார். நான் மறுக்காமல் வாங்கி நட்டேன். இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது. இருபது நாளில் இலை முழுவதும் கொட்டி, கொப்பு முறித்தால் "படக்" என்று முறியும் நிலைக்கு வந்துவிட்டது. ஆழம் போன வேரை அலவாங்கால் அறுத்த பிறகு அது எப்படிப் பிழைக்கும்? வனத் திணைக்களத்தின் காட்டிலிருந்து செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம் என்பதும் இருக்கிறது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பற்றைக்குள் ஒரு செடிக்காகக் கால் வைப்பதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

ஆகவே விதைதான் நல்ல வழி. யாராவது தெரிந்தவரின் காணியில் காயா நின்றால், பழம் நன்றாகக் கறுத்த பிறகு ஒரு கைப்பிடி கேட்டு வாங்குங்கள். சதையைக் கழுவி எடுத்து, கொண்டுவந்த கையோடு போடுங்கள். காயவைத்துப் போத்தலில் சேமிக்க வேண்டாம். உயரமான பொலித்தீன் பையில் மணலும் மக்கிய சருகும் பாதிக்குப் பாதி கலந்து, விதையை அதன் பருமன் ஆழத்துக்கு மட்டும் மூடி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள். முளைக்க நாளெடுக்கும், ஒரு மாதத்தில் வரவில்லை என்று கொட்டிவிடாதீர்கள். கொப்பு வெட்டி வேர் பிடிக்க வைக்க நான் பலமுறை முயன்றேன், ஒன்றும் சரிவரவில்லை.

## ஆவரசு

எந்தத் தயக்கமும் இல்லாமல் மணலுக்கு என்று சொல்லக்கூடிய செடி. மன்னார்ப் பக்கம் வெயில் கொதிக்கும் வெளிகளில் மஞ்சளாகப் பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கரையோரக் காற்றுக்கும் வறட்சிக்கும் பழகியது. ஒருமுறை வேர் பிடித்தால் பிறகு மாரி மழையே போதும். ஆண்டில் பல மாதம் பூ இருக்கும். பூசைக்கும் பறிக்கலாம், காயவைத்துத் தேநீரும் போடலாம். சிங்களத்தில் ரணவரா என்று பைக்கற்றில் விற்பது இதுதான். நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர்கள் நாள்தோறும் குடிக்குமுன் வைத்தியரிடம் ஒரு சொல் கேட்பது நல்லது.

கன்று வாங்கத் தேவையே இல்லை. விதையின் மேல்தோல் கடினம் என்பதால் அரத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து, இரவு முழுக்க வெந்நீரில் ஊறவிட்டு, ஐப்பசியின் முதல் மழையோடு நட வேண்டிய இடத்திலேயே போட்டுவிடுங்கள். ஆணிவேர் நேரே கீழே போகும் செடி இது. பையில் வளர்த்து மாற்றி நடுவது அதற்குப் பிடிக்காது. அடுத்த ஆண்டுக்குள் பூவைப் பார்க்கலாம்.

இதற்கும் செலவு உண்டு. கவனிக்காமல் விட்டால் நீள நீளமாக வளர்ந்து, அடி வெறுமையாகி, மேலே மட்டும் குடை பிடித்தது போலாகிவிடும். காய்ந்த காய்கள் பழுப்பு நிறத்தில் மாதக்கணக்கில் தொங்கும். காய் முற்றியதும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் திரும்பவும் செறிந்து வரும். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் இலையில் முட்டையிடும். சில கிழமைகளில் புழு முழுச் செடியையும் தின்று ஈர்க்கு மட்டும் மிச்சம் வைக்கும். பதறி மருந்து அடிக்காதீர்கள். பத்துப் பதினைந்து நாளில் புதுக் குருத்து வந்துவிடும், வளவில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் பறக்கும்.

இன்னொன்று. அவரைக் குடும்பம் என்பதால் ஆவரசு வேர் மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும் என்று பலர் நம்புகிறார்கள். இதன் இனத்துச் செடிகள் பொதுவாக வேர்முடிச்சு விடுவதில்லை. குழையை வெட்டிப் புதைத்தால்தான் மண்ணுக்குப் பசளை.

## வெட்சி

மூன்றாவதாகக் கேட்ட குடும்பத்தின் மனதில் இருந்தது இதுதான். சிவப்புக் கொத்து, முருகனுக்கு உகந்தது, நேர்சரி எங்கும் கிடைக்கும். வாங்கி வைத்த அன்றே பூவோடு நிற்கும். தடி வெட்டி வைத்தாலும் வேர் பிடிக்கும். இவ்வளவும் உண்மை.

ஆனால் மணலிலும் சுண்ணாம்புத் தண்ணீரிலும் நான்கில் அதிகம் கஷ்டப்படுவதும் இதுதான். வெட்சிக்கு அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். நம் கிணற்று நீரை நாள்தோறும் ஊற்றினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகும். இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். என் வீட்டில் மதில் ஓரம் வைத்த ஆறு வெட்சியும் இரண்டாம் ஆண்டில் அப்படியானது. சீமெந்து மதிலில் இருந்து இறங்கும் சுண்ணாம்பும் சேர்ந்துகொண்டது. நான் பசளை போதாது என்று நினைத்து மாட்டெருவையும் சாம்பலையும் அள்ளிப் போட்டேன். சாம்பல் காரம், நிலைமை இன்னும் மோசமானது. கடையில் விற்கும் இரும்புச்சத்துக் கரைசலை இலையில் தெளித்தால் சில கிழமைக்குப் பச்சை திரும்பும். பிறகு பழையபடி. அந்தக் கரைசலுக்கு ஆண்டுதோறும் போகும் காசுதான் வெட்சியின் உண்மையான விலை.

மணலில் வேர்முடிச்சு நூற்புழுத் தொல்லையும் வெட்சிக்கு உண்டு. தண்ணீரும் விடாமல் ஊற்ற வேண்டும். இரண்டு நாள் தவறினால் மொட்டு உதிரும்.

ஆனாலும் வெட்சி வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: நிலத்தில் வைக்காமல் பெரிய சாடியில் வையுங்கள். செம்மண், தும்புத் தூள், மக்கிய சருகு கலந்து நிரப்பி, மாரியில் பீலியிலிருந்து விழும் மழைநீரைத் தாங்கியில் பிடித்து அதையே ஊற்றுங்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இப்படி மூன்று சாடியில் வைத்து நாள் தவறாமல் பூ பறிக்கிறார்.

## பாவட்டை

வெயில் விழும் முற்றத்துக்கு அல்ல, வேம்புக்கும் மாவுக்கும் கீழே நிழல் விழும் இடத்துக்கு உரியது இது. அந்த இடத்தில் மற்ற மூன்றும் பூக்கத் தயங்கும், இது பூக்கும். வெள்ளைக் கொத்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் ஒரு மெல்லிய நூல் வெளியே நீண்டு நிற்கும், இரவில் மணம் கூடும். ஒரு இலையைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே கரும்புள்ளிகள் தெரியும். நோய் என்று நினைக்க வேண்டாம். இலைக்குள்ளேயே குடியிருக்கும் நுண்ணுயிர்களின் முடிச்சுகள் அவை. என் பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் புள்ளியைப் பார்த்துப் பயந்து செடியையே பிடுங்கி எறிந்துவிட்டார்.

குறை: பூ ஆண்டுக்கு ஒரு பருவம்தான். மற்றக் காலத்தில் யார் கண்ணிலும் படாத பச்சைப் புதர். கறுத்த பழத்தின் விதை எளிதில் முளைக்கும். பழைய வேலிகளின் அடியில் குருவி போட்ட கன்றுகளே நிற்கும். செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | காயா | ஆவரசு | வெட்சி | பாவட்டை |
|---|---|---|---|---|
| முதல் பூவுக்கு | 4, 5 ஆண்டு | ஓராண்டு அளவில் | உடனே | 2, 3 ஆண்டு |
| பூ நிற்கும் காலம் | சில நாள் | பல மாதம் | தண்ணீர் இருந்தால் ஆண்டு முழுக்க | ஒரு பருவம் |
| வேர் பிடித்த பின் தண்ணீர் | மிகக் குறைவு | மழையே போதும் | விடாமல் வேண்டும் | குறைவு |
| சிப்பி கலந்த மணல் | சரிவராது | நிற்கும் | சரிவராது | சுமார் |
| வெயில், நிழல் | இரண்டிலும் நிற்கும் | நல்ல வெயில் | வெயில், மதிய நிழல் நல்லது | நிழல் |
| எப்படிப் பெறுவது | புது விதை | விதை, நேரே நிலத்தில் | நேர்சரி, தடி | விதை, வேலியடிக் கன்று |
| மறைந்த செலவு | பொறுமை, சரியான வகை தேடுவது | வெட்டிவிடும் வேலை | இரும்புக் கரைசல், நல்ல தண்ணீர் | பூக்காத காலத்துச் சாதாரணத் தோற்றம் |

இந்த அட்டவணையில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும்: நொச்சி. தடி வெட்டி மாரியில் குத்திவிட்டால் வரும், மாடு தொடாது, ஊதாப்பூ பூக்கும், தடிமனுக்கு ஆவி பிடிக்க இலை இருக்கும். வேலி ஓரத்துக்கு அதைவிட நல்லது இல்லை. முற்றத்தின் நடுவே வைத்துப் பார்க்கும் அழகு அதற்குக் கிடையாது என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

## எதை வைத்தாலும், மணலில் நடும் முறை

மணலில் பெரிய குழி வெட்டி அதற்குள் எருவை நிரப்புவது நாம் எல்லோரும் செய்யும் பிழை. வேர் அந்த எருக் குழிக்குள்ளேயே சுற்றி நின்றுவிடும். கோடையில் குழி காய்ந்ததும் செடியும் காயும். அகலமாக, ஒரு மீற்றர் விட்டத்துக்கு மண்ணைக் கிளறி, மக்கிய சருகை மணலோடு கலந்துவிடுங்கள். காயாவுக்கும் வெட்சிக்கும் சாம்பல் வேண்டவே வேண்டாம். குழியின் அடியில் பொச்சுமட்டையைக் குழிவுப் பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கினால் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மேலே சருகால் மூடுங்கள். ஆனால் தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி. ஒட்டிப் போட்டால் கறையான் சருகோடு பட்டையையும் தின்னும். கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் தூவலாம்.

நடும் காலம் ஐப்பசி. முதல் மழை இரண்டு பெய்து மணல் ஒரு முழத்துக்கு நனைந்த பிறகு நட்டால், கோடைக்கு முன் மூன்று மாதம் வேருக்குக் கிடைக்கும். தை மாதத்தில் நடுபவர்கள் மாரியை வீணாக்குகிறார்கள்.

தண்ணீருக்கு நான் கண்ட சிறந்த வழி மண்முட்டி. சுட்ட மண்முட்டி ஒன்றைச் செடியிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கழுத்துவரை புதைத்து நிரப்பிவிட்டால், சுவர் வழியே கசிந்து வேருக்குத் தேவையான அளவுக்கு மட்டும் போகும். என் முட்டி 8 லீற்றர் பிடிக்கும். சித்திரை வெயிலில் நான்கு நாளுக்கு ஒருமுறை நிரப்பினேன். வாளியால் ஊற்றும் தண்ணீரில் பாதி மணலுக்குள் ஓடிவிடும். முட்டியின் வாயைச் சிரட்டையால் இறுக மூட மறக்காதீர்கள். திறந்து வைத்தால் டெங்கு நுளம்புக்கு நாமே தொட்டில் கட்டியதாகிவிடும்.

முதல் இரண்டு ஆண்டும் பனைமட்டையால் சுற்றிக் கூடு கட்டுங்கள். ஆடு ஒரு நிமிடத்தில் தின்பதைக் காயா திரும்பத் தர ஓராண்டு எடுக்கும். மதிய வெயிலுக்கு மேற்குப் பக்கம் ஒரு பனையோலையைச் சாய்த்து வைத்தால் போதும். சோளகக் காற்று வீசத் தொடங்கும்போது அந்த ஓலையைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அது விழுந்தே கன்றை முறிக்கும்.

## கேட்ட மூவருக்கும்

கொடிகாமத்து வீட்டுக்காரருக்கு ஆவரசு. சந்தேகமே இல்லை. ஐப்பசியில் பத்து விதை போடச் சொல்லுங்கள். நான்கு நின்றால் போதும். கூட்ட வருபவரிடம் ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிவிடச் சொன்னால் சரி. காயாவில் ஆசை இருந்தால், வந்து தங்கப் போகும் ஆண்டுவரை பொறுத்திருங்கள். ஆளில்லாத வீட்டில் அதை வைப்பது கன்றுக்குச் செய்யும் அநியாயம்.

இளம் குடும்பத்துக்கு: வெட்சி இரண்டு சாடியில், வாசலின் இருபுறமும். தேசிக்காய்ச் சோதனையில் மண் நுரைத்தது என்று சொன்னீர்கள், ஆகவே நிலத்தில் வேண்டாம். மஞ்சள் பூவும் சாமிக்கு ஏற்றதுதான் என்றால் மூலையில் ஒரு ஆவரசும் போட்டுவிடுங்கள். வெட்சி வாடும் மாதங்களில் அது கைகொடுக்கும்.

ஆசிரியை அம்மாவுக்கு: உங்கள் மணல் நுரைக்கவில்லை, நீங்கள் நாள்தோறும் வீட்டில் இருக்கிறீர்கள், சித்திரையில் தண்ணீர் சவர்த்தாலும் மழைத்தாங்கி ஒன்று இருக்கிறது. காயா வையுங்கள். ஒன்று அல்ல, மூன்று; ஒன்று போனாலும் இரண்டு மிஞ்சும். சவர்த் தண்ணீரைக் கன்றுக்கு ஊற்றாமல், தாங்கியில் பிடித்த மழைநீரை முட்டிக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள். மூன்று முட்டிக்கும் சேர்த்து நான்கு நாளுக்கு 24 லீற்றர். பங்குனி முதல் ஆவணி முடிய ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய 1,100 லீற்றர். 1,000 லீற்றர்த் தாங்கி ஒன்று, இடையில் விழும் சித்திரை மழையோடு, சரிக்கட்டிவிடும். "எனக்கு எழுபது வயசு தம்பி, பூக்க ஐஞ்சு வருசமோ?" என்று கேட்டீர்கள். காத்திருக்கும் காலத்துக்கு மாமரத்தின் கீழே ஒரு பாவட்டையும் வையுங்கள், அது முன்னதாகவே பூக்கும். என் மரத்தில் இந்த முறை காய் பிடித்திருக்கிறது. கறுத்ததும் ஒரு கைப்பிடி பழத்தை ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தருகிறேன். பைகளை மட்டும் நிரப்பி வையுங்கள்.